தங்கக்கால் டென்சில்

"ஒன்றே முக்கால் மணி நேரம்" என்றது ஆப்.

டென்சில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கண்ணாடியின் மேல் தப்பில்லை. பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்தில் அவர் இன்றைக்கு இறங்கினால், ஓடி முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும் என்று கணித்திருந்தது, ஆபீசில் கட்டிவிட்ட வாட்சில் இருந்த வேகமித்ரா. அதற்குக் கீழே பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு ஆமைப் படம். ஆமைக்கும் கீழே ஒரு வரி: உங்கள் அலுவலகத்தில் நீங்கள் கடைசி இடம்.

"கடைசிக்கு முன்னாடி யாரு?" என்று கேட்டார் பக்கத்து சீட்டுப் பெருமாள். பெங்களூரில் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவர். டென்சிலுக்கு முந்தியே இந்த ரயிலுக்கு வாழ்க்கைப்பட்டவர். ஆகையால் ஜன்னலோர சீட்டும், எல்லாருக்கும் யோசனை சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு.

"அனில்."

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். டென்சிலின் ஆபீஸ்காரனான அனில் வழக்கம்போல் பங்காருபேட்டையில் ஏறி, கம்பியைப் பிடித்து நின்றபடியே வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். வயிறு மட்டும் ரயிலின் ஆட்டத்துக்கேற்ப முன்னும் பின்னும் போய்வந்தது.

"நின்னுகினு தூங்கறவன் கூட ஒன்ன முந்திட்டானேப்பா" என்றார் பெருமாள்.

சாதாரண நாளாக இருந்தால் டென்சிலும் சிரித்திருப்பார். நாற்பத்தாறு வயதில், தொப்பையும் மூட்டுவலியுமாக இருக்கிற மனிதரை யாரும் ஓடச் சொல்லப் போவதில்லை. ஆனால் போன வாரம் ஆபீசில் ஒரு சர்க்குலர் வந்திருந்தது. பெங்களூரில் அவர் வேலை பார்த்த வீட்டுக்கடன் கம்பெனி, கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கிளை திறக்கப் போகிறது. கோலார் பக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் ஊழியர்களில் ஒருவரை அதற்கு மேனேஜராகப் போடுவார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது வேகமித்ராவில் பதிவாகும் உடல்நிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். அந்தப் பக்கத்து ஊழியர்கள் என்று இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் டென்சில், மற்றவன் அனில்.

"இதுல கொயம்பறதுக்கு இன்னா கீது?" என்று சர்க்குலருக்குப் பொருள் சொன்னவரும் பெருமாள்தான். "எவன் நல்லா ஓடறானோ அவனுக்கு பிராஞ்சு. இல்லாங்காட்டி எதுக்கு எல்லாருக்கும் வாட்ச் வாங்கிக் கட்டிவிடறான்? ஒங்க விநாயக் சாரே ஓட்டப் பைத்தியம்னு நீதான சொன்ன?"

அது உண்மை. ரீஜனல் மேனேஜர் விநாயக்குக்கு ஓட்டம் ஒரு மதம். மீட்டிங்கில் வட்டி விகிதம் பேசுவதைவிட இதயத்துடிப்பு விகிதம் அதிகம் பேசுவார். லீவு கேட்டு நின்றால் முதலில் வாட்சைத்தான் பார்ப்பார்.

டென்சிலுக்கு மேனேஜர் நாற்காலி மேல் ஆசை இல்லை. தோசை மேல்தான் ஆசை. கல்யாணமான நாள் முதல், வேலைநாளில் டீனா சுட்ட தோசையை அவர் சூடாகத் தின்றது கிடையாது. இருட்டில் எழுந்து, டப்பாவில் அடைத்த தோசையோடு மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்கு ஓடி, அது ஆறி விறைத்தபிறகு ரயிலில் தின்பார். ராத்திரி வந்தால் தட்டு மூடி வைத்திருக்கும். பக்கத்திலேயே டீனா உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருப்பாள். கிளை கிடைத்தால் அதே ஊர் சாம்பியன் ரீஃப் வீட்டிலிருந்து ஆபீசுக்கு நடந்தே போய்விடலாம். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக்கூடப் போகலாம்.

ஓடுவதென்று முடிவு செய்தார்.

மறுநாள் வழக்கத்துக்கு அரை மணி முன்னால் எழுந்து, அரைக்கால் சட்டையோடு தெருவில் இறங்கினார். சாம்பியன் ரீஃபில் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டு நாய்களுக்கு டென்சிலைத் தெரியும். ஆனால் அவற்றுக்குத் தெரிந்த டென்சில் பேன்ட் போட்டிருப்பார், தோளில் பை இருக்கும், கையில் டப்பா இருக்கும். இருட்டில் பை இல்லாமல் ஓடி வந்தவரைத் திருடன் என்றே அவை எடுத்துக்கொண்டன. அதற்கப்புறம் அவர் ஓடியது நிஜமாகவே நல்ல ஓட்டம். ஆனால் ஒரு சுவர் மேல் ஏறி வெகுநேரம் உட்கார்ந்துவிட்டதால், அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்ட வேகமித்ரா, அவருடைய பந்தய நேரத்தை இரண்டு மணி நேரமாக உயர்த்திவிட்டது. ரயிலும் போய்விட்டது. அரை நாள் லீவும் போயிற்று.

"இன்னாத்துக்குங்க இதெல்லாம்?" என்றாள் டீனா, கிழிந்த அரைக்கால் சட்டையைத் தைத்தபடி. "ஒங்களுக்கு ஓடறதுக்கு நேரமே கெடையாது. காத்தால ட்ரெயினு, ராத்திரி ட்ரெயினு. ஞாயித்துக்கெழம கோயிலு."

அந்தப் பேச்சில்தான் டென்சிலுக்கு வழி தெரிந்தது. நாளில் பெரும்பகுதி ரயிலில் போகிறதென்றால், ரயிலிலேயே ஓடினால் என்ன?

மறுநாள் மாரிக்குப்பத்தில் வண்டி கிளம்பியதும், பெட்டிக் கடைசியில் கக்கூஸ் பக்கத்தில் கிடைத்த கொஞ்சம் இடத்தில், நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கித் தூக்கி ஓட ஆரம்பித்தார். கக்கூஸுக்குப் போக வந்த பெண்மணி ஒருத்தி அவருக்கு அவசரம் போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டு, "நீங்க போங்கண்ணா மொதல்ல" என்று வழிவிட்டாள்.

"டென்சிலு, நீ ஓடறதால வண்டி சீக்கிரம் போய்ச் சேராதுப்பா" என்று கத்தினார் பெருமாள். பெட்டியே சிரித்தது. டென்சில் பல்லைக் கடித்துக்கொண்டு பங்காருபேட்டை வரை ஓடினார்.

பெங்களூரில் இறங்கியதும் வாட்சைப் பார்த்தார். ஆமையைக் காணோம். அந்த இடத்தில் ஒரு மான் துள்ளிக்கொண்டிருந்தது. 'அபாரம்! உங்கள் பத்து கிலோமீட்டர் கணிப்பு: நாற்பத்தைந்து நிமிஷம். அலுவலகத்தில் முதலிடம்!'

கொஞ்ச நேரம் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. மாரிக்குப்பத்திலிருந்து பங்காருபேட்டை வரையுள்ள கிளைப்பாதையில் ரயில் எப்போதும் நிதானமாகத்தான் போகும். நல்ல ஓட்டக்காரன் ஒருவன் ஓடுகிற வேகம். பங்காருபேட்டைக்கு அப்புறம் வேகம் எடுத்ததும், இது வாகனம் என்று கண்டுபிடித்து ஆப் தானாக நின்றுவிட்டது. அதற்கு முன்னால் உள்ள தூரம் முழுவதையும் டென்சில் காலால் ஓடிக் கடந்ததாக அது மனப்பூர்வமாக நம்பிவிட்டது.

டென்சில் சபையில் பாடகர் குழுவில் இருப்பவர். மனசாட்சி உறுத்தியது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவரும் ஓடினார், ரயிலும் ஓடியது. இரண்டையும் கூட்டிச் சொன்னது ஆப். அதற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? பத்துக் கட்டளைகளில் ஆப்பைப் பற்றி ஒன்றும் இல்லை என்று தேற்றிக்கொண்டு, அந்த வாரம் முழுவதும் கக்கூஸ் பக்கத்தில் ஓடினார்.

ஆபீசில் மரியாதை உயர்ந்தது. கேன்டீன்காரர் கேட்காமலே வாழைப்பழம் கொடுத்தார். எச்.ஆரில் இருந்த வின்னி என்ற பெண் அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஆச்சரியமாகப் புருவத்தை உயர்த்தினாள். வெள்ளிக்கிழமை விநாயக்கே தன் அறையிலிருந்து எழுந்து வந்து தோளில் தட்டினார்.

"ஏன்ரீ டென்சில்!" என்று கன்னடத்தில் கூவினார். "இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? எனக்கே ஐம்பது நிமிஷத்துக்குக் கீழ வரலை!"

"ஏதோ... ட்ரெயின்ல வர்ற பழக்கம் சார்" என்றார் டென்சில். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

"சூப்பர்! கிளை திறப்பு விழாவுக்கு ஒரு ஓட்டம் வெச்சிடலாம். உங்க ஊர்லயே. பத்து கிலோமீட்டர். நீங்கதான் எங்களுக்கு லீட். மேனேஜர் யாருன்னும் அன்னிக்கு மேடையிலயே சொல்லிடறேன்."

டென்சிலின் கையிலிருந்த வாழைப்பழம் கீழே விழுந்தது.

சாயங்கால ரயிலில் பெருமாளிடம் அவசர ஆலோசனை நடந்தது.

"அண்ணா, நான் ஓடினா ரெண்டு மணி நேரம் ஆவும். மானம் கப்பலேறிடும். இப்பவே கொஞ்சம் கொஞ்சமா ஆப் சொல்ற வேகத்த எறக்கிடணும். அது ஒரு மணி நேரத்துல வந்து நின்னாக்கூட எப்பிடியோ சமாளிச்சுக்கலாம்."

"அவ்ளோதான? வாட்ச அவுத்து பீரோவுல போடு. ஓடாதவனுக்கு வேகம் கொறையாம பின்ன கூடுமா?"

மூன்று நாள் வாட்ச் பீரோவில் துணிகளுக்கு நடுவே கிடந்தது. நான்காம் நாள் எடுத்துப் பார்த்தால் மான் முன்னைவிட உயரமாகத் துள்ளியது. 'சரியான நேரத்தில் சரியான ஓய்வு! தேர்ந்த ஓட்டக்காரருக்கே இந்தக் கட்டுப்பாடு வரும். புதிய கணிப்பு: நாற்பத்து மூன்று நிமிஷம்.'

"அப்ப டீனா கையில கட்டு" என்றார் பெருமாள். "வூட்டு வேல செய்யறவங்க எங்க ஓடப் போறாங்க?"

டீனா கட்டிக்கொண்டு துணி துவைத்தாள். கல்லில் அடித்த ஒவ்வொரு அடியையும் வேகமித்ரா ஓட்டக்காரனின் கைவீச்சாக எடுத்துக்கொண்டது. 'உங்கள் கைவீச்சில் புது வலிமை! நாற்பத்திரண்டு நிமிஷம்.'

"நான் வேணா ஓடட்டுமா ஒங்களுக்கு பதிலா?" என்றாள் டீனா. டென்சிலுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

கடைசியாகச் சனிக்கிழமை வெயிலில், கால் தரையைவிட்டு எழுகிறதா என்றே சந்தேகம் வரும்படி, தங்கவயலிலேயே இருக்கிற பாலகாட் வரை மெதுவாக நடந்து போனார். வழியில் டீக்கடையில் உட்கார்ந்தார். மரத்தடியில் உட்கார்ந்தார். தெரிந்தவர்கள் எல்லாரும் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். திரும்பி வந்து வாட்சைப் பார்த்தவர் கட்டிலில் விழுந்தார். 'நீண்ட மெது நடை! உலகத்தர வீரர்களின் பயிற்சி முறை இது. நாற்பத்தொரு நிமிஷம்.'

இனி அதைத் தொட்டால் முப்பதுக்குக் கீழே போய்விடும் என்று பயந்து, தொடாமல் இருந்தார். திங்கட்கிழமை விநாயக்கிடம் நேராகப் போய் மூட்டுவலி என்றார்.

விநாயக் போனைத் திறந்தார். "காயம் ஏற்படும் வாய்ப்பு: மிகக் குறைவு. பாருங்க, ஆப் சொல்லுது."

"சார், மூட்டு என்னுது சார்."

"மூட்டு உங்களுது, டேட்டா எல்லாருக்கும் பொது. டேட்டா பொய் சொல்லாது டென்சில். இது பந்தயத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் வர்ற பயம். எனக்கும் வந்திருக்கு."

அடுத்த வாரம் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் முனையில் ஒரு பெரிய பிளெக்ஸ் எழுந்தது. அதில் டென்சிலின் தலை, யாரோ ஒரு ஓட்டக்காரனின் உடம்பின் மேல் ஒட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் 'தங்கவயலின் தங்கக்கால்! நாற்பத்தொரு நிமிஷம்!' என்று பொன் எழுத்துகள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆயர், "நம் சகோதரர் டென்சிலின் கால்களுக்காக" ஒரு ஜெபம் செய்தார். சபையே ஆமென் சொன்னது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் டென்சில்தான்.

*

பந்தய நாள் விடிந்தது. மாரிக்குப்பத்தில் தொடங்கி, ரயில் பாதையை ஒட்டினாற்போலவே போகும் ரோட்டில் ஓடி, பெமல் நகர் மைதானத்தில் முடிக்க வேண்டும். பேண்டு வாத்தியம், பலூன், கம்பெனி பனியன் எல்லாம் இருந்தன. டீனா முடிவுக் கோட்டில் நிற்கிறேன் என்று முன்னாலேயே போய்விட்டாள்.

"நீங்க முன்னால போங்க, நான் உங்க பின்னாலயே வர்றேன்" என்றார் விநாயக்.

விசில் அடித்ததும் டென்சில் பாய்ந்தார். போட்டோக்காரர் நின்ற திருப்பம் வரை பிளெக்ஸில் இருந்த மாதிரியே ஓடினார். திருப்பம் தாண்டியதும் வேகம் குறைந்தது. விலாவில் குத்தியது. விநாயக் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தார்.

"ஓஹோ! மொதல்ல மெதுவா, கடைசில வேகமா! புரிஞ்சுது டென்சில், புரிஞ்சுது! நான் அப்படி ஓட மாட்டேன், நான் முன்னால போறேன். கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல என்னைப் பிடிங்க!" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார்.

அவர் பின்னாலேயே ஆபீஸ் மொத்தமும் ஒவ்வொருவராகத் தாண்டிப் போயிற்று. "ஸ்ட்ராட்டஜி, ஸ்ட்ராட்டஜி" என்று ஒருவரிடம் ஒருவர் மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். டென்சிலுக்குப் பின்னால் மிஞ்சியது அனில் ஒருவன். அவனும் சாம்பியன் ரீஃப் தாண்டுமுன்பே ஒரு சிறுபாலத்தின் மேல் உட்கார்ந்து, உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப்போனான்.

ஊரிகம் வந்தபோது டென்சில் ஓடிக்கொண்டிருந்தாரா நடந்துகொண்டிருந்தாரா என்று சொல்வது கஷ்டம். கண் முன்னால் ரோடு நீண்டு கிடந்தது. ரோட்டின் முடிவில் டீனா நிற்கிறாள், சபை நிற்கிறது, மேடை நிற்கிறது. தோசை போயிற்று என்று நினைத்தார். அழுகை வந்தது. அழுவதற்கும் மூச்சு பற்றவில்லை.

அப்போதுதான் பின்னால் ஹாரன் அடித்தது. ரயில்.

பதினாறு வருஷமாக டென்சிலின் கால்கள் அந்தச் சத்தத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டவை. அது கேட்டால் அவை அவரைக் கேட்காமலே ஓடும். மூட்டு, விலா, மூச்சு எல்லாவற்றையும் மறந்து, ரோட்டைவிட்டு இறங்கி, முள்ளைத் தாண்டி, ஊரிகம் பிளாட்பாரத்தில் ஏறி, நகர ஆரம்பித்துவிட்ட வண்டியின் கம்பியைப் பிடித்துத் தாவி உள்ளே போய் நின்றார். அன்றைக்கு அவர் ஓடிய ஓட்டத்தை ஆப் பார்த்து அசந்துபோயிருக்கும்.

"இன்னா டென்சிலு" என்றது ஒரு குரல். "ஞாயித்துக்கெழம கூட ஆபீசா?"

பெருமாள். பங்காருபேட்டையில் ஒரு கல்யாணத்துக்காகப் பட்டு வேட்டியோடு போய்க்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் நகர்ந்து இடம் கொடுத்தார். பழக்கதோஷத்தில் டென்சிலும் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தான் செய்த காரியம் அவருக்கு உறைத்தது.

"அண்ணா! நான் ரேஸ்ல கீறேன்!"

"ரேஸு ரோட்லல்ல நடக்குது?"

"அய்யய்யோ, தெரியாம ஏறிட்டேன்! அடுத்த ஸ்டேஷன் கோரமண்டல்ல எறங்கிடறேன்."

வாசலுக்கு ஓடிப்போய் நின்றார். கோரமண்டல் நெருங்கியது. வெளியே எட்டிப் பார்த்தவர் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பாதையை ஒட்டிய ரோட்டில், சிவந்த முகத்தோடு விநாயக் ஓடிக்கொண்டிருந்தார். ரயிலும் அவரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். டென்சில் பெட்டித் தரையில் குந்தினார்.

"போயிட்டாரா?"

"எங்கப்பா போறது?" என்றார் பெருமாள் ஜன்னல் வழியாகப் பார்த்தபடி. "கூடவே வர்றாரு மனுஷன். நல்லாத்தான் ஓடறாரு. தோ, இப்பதான் கொஞ்சம் பின்னால போறாரு."

இங்கே இறங்கினால் நேராக அவர் கண்ணில்தான் படவேண்டும். வண்டி நின்று, மறுபடி கிளம்பியது. குந்தியபடியே டென்சில் பெமல் நகர் வந்து சேர்ந்தார்.

ஸ்டேஷனிலிருந்து சந்து வழியாக மைதானத்துக்கு வரும்போது உண்மையைச் சொல்லிவிடுவதென்றுதான் இருந்தார். சத்தியமாகச் சொல்லியிருப்பார். ஆனால் சந்து திறந்த இடம் முடிவுக் கோட்டுக்கு நேர் எதிரே இருந்தது. "வந்துட்டாரு! தங்கக்கால் வந்துட்டாரு!" என்று கூட்டம் கத்தியது. பேண்டு முழங்கியது. யாரோ தள்ளியதில் அவர் கோட்டைத் தாண்டினார். வாட்ச் அதிர்ந்தது. 'கணித்தது நாற்பத்தொன்று. ஓடியது நாற்பத்தொன்று. வேகமித்ரா என்றும் தவறாது!'

அது சொன்னதும் சரிதான். ஆரம்பத்திலிருந்தே அது கணித்துக்கொண்டிருந்தது ரயிலைத்தான்.

மாலைகளை விலக்கிக்கொண்டு டீனா பக்கத்தில் வந்தாள். புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். பதினாறு வருஷமாக ரயிலிலிருந்து இறங்கி வருகிற முகத்தைப் பார்த்துப் பழகியவள்.

"எங்க ஏறினீங்க?" என்றாள் மெதுவாக.

"ஊரிகம்."

"டிக்கெட்டு?"

"சீசன் பாஸ் கீது."

டீனா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று டென்சிலுக்குத் தெரியவில்லை.

"சொல்லிடட்டுமா டீனா? மனசு கேக்கலம்மா."

டீனா யோசித்தாள். மூடி வைத்த தட்டுகள் எல்லாம் அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "ஆர்டர் கைக்கு வரட்டும்ங்க. அப்பறம் நாம ரெண்டு பேருமாவே போய் ஆயர்கிட்ட சொல்லிடலாம்."

விநாயக் பத்து நிமிஷம் கழித்து வந்து சேர்ந்தார். டென்சிலைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எங்க என்னைத் தாண்டினீங்க? நான் பாக்கவே இல்லையே!"

"கொஞ்சம்... எடது பக்கமா வந்துட்டேன் சார்" என்றார் டென்சில். ரயில் பாதை இடது பக்கம்தான் இருந்தது.

"மனுஷனே இல்லய்யா நீங்க. மெஷின்!"

மேடை நிரம்பியது. சாலையோரம் கண்டெடுத்த அனிலையும் வேனில் கொண்டுவந்து ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். விநாயக் மைக்கைப் பிடித்தார். உடற்பயிற்சி பற்றியும், தரவின் புனிதம் பற்றியும், டென்சிலின் தொடை பற்றியும் பேசினார். டென்சில் டீனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நாளை காலை என்ன சட்னி என்பது வரைக்கும் அவர் மனசு போயிருந்தது.

"ராபர்ட்சன்பேட்டைக் கிளையின் மேனேஜர்..." விநாயக் பேப்பரைப் பார்த்தார். "திரு. அனில்!"

கைதட்டல் சத்தத்தில் அனில் திடுக்கிட்டு விழித்து, ஸ்டேஷன் வந்துவிட்டதென்று எழுந்து நின்றான்.

விநாயக் விடாமல் பேசினார். "டென்சில் மாதிரி ஒருத்தரை இந்தச் சின்ன ஊர்ல உட்கார வெக்க முடியுமா? நாளையிலேர்ந்து அவர்தான் தலைமை ஆபீஸின் ஓட்டப் பயிற்சியாளர்! தினமும் ஆபீசுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, எல்லாருக்கும்!"

அதாவது, இப்போது பிடிக்கிற ரயிலுக்கும் முந்தின ரயில். டீனாவின் கை அவர் கையிலிருந்து மெல்ல நழுவியது.

டென்சில் மேடைக்குப் பின்னால் போனார். வின்னி அங்கே அனிலின் ஆர்டரைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா வின்னி, நான்தானம்மா மொதல்ல வந்தேன்? ஆப்ல அவன் கடைசிம்மா! ஓடாம தூங்கினவனுக்கா பிராஞ்சு?"

வின்னி அவரைப் பார்த்த பார்வையில் நிஜமான வருத்தம் இருந்தது.

"அந்த போஸ்ட்டே தினமும் ட்ரெயின்ல வந்து வந்து ஒடம்பு கெட்டுப்போனவங்களுக்காகத்தான் சார், ஆப்ல யாரு கடைசியோ அவங்களுக்குன்னு மொத வாரமே உங்க பேர்ல ஆர்டர் டைப் பண்ணி வெச்சிருந்தோம், அதுக்குள்ள நீங்கதான் திடீர்னு ஓட ஆரம்பிச்சிட்டீங்க!"